கோலும் குரலும்: இத்தாலிய வாழ்வில் கத்தோலிக்கத் தலைமை

இத்தாலியின் எந்த நகரத்துக்குச் சென்றாலும் 'செப்டம்பர் 20' என்னும் பெயர் தாங்கிய தெரு ஒன்றைக் காணும் வாய்ப்பு மிகுதி. 1870ஆம் ஆண்டு அந்நாளில்தான் இத்தாலிய அரசின் படை உரோமை நகர மதிலைப் பீரங்கியால் பிளந்து உட்புகுந்து, திருத்தந்தையின் ஆட்சியை முடித்து வைத்தது. அதே நகரத்தில் சில தெருக்கள் தள்ளிச் சென்றால், திருத்தந்தை 23ஆம் யோவானின் பெயரால் ஒரு சாலையோ, சதுக்கமோ, பள்ளியோ இருக்கக் காண்பதும் அரிதன்று. திருத்தந்தையின் முடி வீழ்ந்த நாளையும் பெயரிட்டுப் போற்றி, திருத்தந்தை ஒருவரைத் தம் வீட்டுப் பெரியவர்போல் எண்ணி அவரையும் போற்றும் மக்களை எவ்வாறு புரிந்துகொள்வது? இவ்வினாவுக்கு விடை தேடும் சிறு முயற்சியே இக்கட்டுரை.

நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவு மலரில் இத்தாலியைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் 1680இல் மாந்துவா அருகிலுள்ள காஸ்திலியோனேயில் பிறந்தவர். அவருக்கு முன்னரே மதுரைக்கு வந்து துறவுக்கோலம் பூண்ட தத்துவ போதகர் இராபர்ட் தெ நோபிலியும் இத்தாலியரே. அவர் வகுத்த முறையில் குடுமியும் பூணூலும் சந்தனமும் கூடுமா என்று மதுரையில் எழுந்த வழக்கு உரோமை வரை சென்று, 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரியின் ஆணையால் அவர் பக்கம் தீர்ந்தது. நம் மொழிக்கு உரைநடையும் அகராதியும் காப்பியமும் தந்த அம்மனிதர்களை நாம் நன்கறிவோம். எனினும் அனுப்பப்பட்டவர்களை அறிந்த அளவுக்கு அவர்களை அனுப்பிய வீட்டை நாம் அறிந்தோமில்லை.

மற்றுமொரு காரணமும் உண்டு. கவிஞனின் கையில் கோல் இல்லை. குரல் மட்டுமே உண்டு. கோலையும் குரலையும் ஒருங்கே வைத்திருந்த ஒரு தலைமை, கோலை இழந்தபின் என்ன ஆயிற்று என்னும் வரலாறு, சொல்லையே நம்பி வாழும் நமக்குப் பயன்படாமல் போகாது.

கோலேந்திய காலம்

கி.பி. 756இல் பிராங்கு மன்னன் பெப்பின், இத்தாலியின் நடுப்பகுதி நிலங்களைத் திருத்தந்தைக்கு உரிமையாக்கினான். அன்று முதல் 1870 வரை, இடையிடையே முறிவுகள் நேர்ந்தாலும், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் திருத்தந்தையர் அரசர்களாகவும் இருந்தனர். உரோமையிலிருந்து பொலோஞ்ஞா, பெராரா வரை அவர்களது நாடு பரந்திருந்தது. அந்நாட்டில் பாவமன்னிப்பு வழங்கிய திருச்சபையே வரியும் தண்டிற்று, வழக்கும் தீர்த்தது, சிறையும் பூட்டிற்று. வானுலகத் திறவுகோலும் சிறைச்சாலைத் திறவுகோலும் ஒரே வளையத்தில் கோக்கப்பட்டிருந்தன எனலாம்.

இத்தாலிய இலக்கியத்தின் தொடக்கமே இந்நிலையோடு உரையாடுகிறது. அம்மொழியின் தொன்மையான கவிதைகளுள் முதன்மையானதாகக் கருதப்படுவது, அசிசி நகர்ப் பிரான்சிஸ் 1225ஆம் ஆண்டையொட்டி உம்பிரிய வட்டார மொழியில் பாடிய படைப்புகளின் புகழ்ப்பா. அவர் குருப்பட்டம் பெறாதவர், ஏழ்மையை மணந்தவர். அவர் திருச்சபையை எதிர்த்தவரல்லர். ஆயினும் இலத்தீனில் மன்றாடிய திருச்சபைக்குள் நின்று மக்கள் பேசிய மொழியில் இறைவனைப் பாடினார் என்பதே போதிய புரட்சி.

தாந்தேயோ நேராகவே மோதினார். 1302இல் புளோரன்சு நகர் அவரை நாடுகடத்தியது. அதற்குக் காரணமான அரசியற் சூழ்ச்சியில் திருத்தந்தை 8ஆம் பொனிபாசின் கை இருந்தது. தாந்தே தம் காப்பியத்தின் நரகப் பகுதியில், கதை நிகழும் 1300ஆம் ஆண்டில் உயிரோடிருந்த அத்திருத்தந்தைக்கு முன்கூட்டியே ஓரிடம் ஒதுக்கிவிட்டார். திருத்தந்தைக்கும் பேரரசனுக்கும் அதிகார எல்லைகள் வெவ்வேறு என வாதிட்ட அவருடைய 'முடியாட்சி' என்னும் நூல் 1329இல் பொலோஞ்ஞாவில் கர்தினால் ஒருவரின் ஆணையால் எரிக்கப்பட்டது. பின்னர்த் தடைநூற் பட்டியலிலும் ஏறி, 1881 வரை அதில் நீடித்தது. ஆனால் 1921இல், தாந்தே மறைந்த அறுநூறாம் ஆண்டில், அவரைக் கிறித்தவத்தின் பெருங்கவிஞராகப் போற்றிச் சுற்றுமடல் வரைந்தவர் திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட். எரித்த கை வணங்குவதற்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள் ஆயின. இடையில் அக்கை எதை இழந்திருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

கோலாட்சியின் கடைசிக் காலத்துக்கு உரோமைக் கவிஞர் ஜுசெப்பே பெல்லியைக் காட்டிலும் நல்ல சான்று கிடைப்பதரிது. 1791 முதல் 1863 வரை வாழ்ந்த இவர் உரோமைத் தெருக்களின் கொச்சைமொழியில் 2,279 பதினான்கடிப் பாக்கள் எழுதினார். கர்தினால்களையும் குருக்களையும் திருத்தந்தையையுங்கூட ஏழைகளின் வாயால் எள்ளிய பாடல்கள் அவற்றுள் பல. அதே பெல்லி பிற்காலத்தில் திருத்தந்தை அரசின் நாடகத் தணிக்கையாளராகப் பணிபுரிந்தார். தம் பாடல்களை எரித்துவிட வேண்டும் என்றும் விரும்பினார். அவற்றை எரிக்காமல் காத்தவர் அவருடைய நண்பரான தித்சானி என்னும் ஆயர். எள்ளியவரும் திருச்சபையின் பிள்ளை, தணிக்கை செய்தவரும் அவரே, காத்தவரும் திருச்சபையின் ஆயர். இத்தாலியரின் மனத்தைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

எனினும் எள்ளலோடு நின்றுவிட முடியாத கொடுமைகளும் நிகழ்ந்தன. 1555இல் 4ஆம் பவுல் உரோமை யூதர்களைச் சுவரெழுப்பிய சேரிக்குள் அடைத்தார். 1858இல் பொலோஞ்ஞாவில் எட்கார்தோ மொர்த்தாரா என்னும் ஆறு வயது யூதச் சிறுவனைத் திருத்தந்தையின் காவலர் பெற்றோரிடமிருந்து பறித்துச் சென்றனர். குழந்தை நோயுற்றிருந்தபோது பணிப்பெண் ஒருத்தி மறைவாகத் திருமுழுக்குக் கொடுத்துவிட்டாள். ஆகவே கிறித்தவக் குழந்தை யூத வீட்டில் வளர்தல் கூடாது என்பது சட்டம். ஐரோப்பா முழுவதும் எழுந்த கண்டனத்தைத் திருத்தந்தை 9ஆம் பயஸ் பொருட்படுத்தவில்லை. குழந்தை பெற்றோரிடம் திரும்பவே இல்லை. குரல் மட்டுமே உடைய சமயம் அக்குழந்தைக்காக மன்றாடியிருக்கக்கூடும். கோலுடைய சமயம் காவலரை அனுப்பிற்று.

கதவடைத்த அறுபதாண்டுகள்

1870க்குப் பின் 9ஆம் பயஸ் தம்மை 'வத்திக்கான் கைதி' என அழைத்துக்கொண்டார். இத்தாலிய அரசு 1871இல் சட்டமியற்றி ஆண்டுதோறும் 32 இலட்சத்து 25 ஆயிரம் லிரா தர முன்வந்தபோது அதனை ஏற்க மறுத்தார். கத்தோலிக்கர் நாடாளுமன்றத் தேர்தல்களில் வாக்களிப்பது தகாது என்னும் தடையும் வலுப்பெற்றது. பிறந்த குழந்தை என்றே சொல்லத்தக்க ஒரு நாட்டில், நல்ல கத்தோலிக்கனாக இருப்பதா, நல்ல குடிமகனாக இருப்பதா என்று ஒவ்வோர் இல்லமும் தயங்கி நின்றது.

கசப்பு எந்த அளவுக்கு முற்றியிருந்தது என்பதை 1881 ஜூலை 13 இரவு காட்டிற்று. மூன்றாண்டுகளுக்கு முன் மறைந்த 9ஆம் பயசின் உடலைப் புனித லாரன்சு பேராலயத்துக்கு எடுத்துச் சென்றபோது, கூட்டமொன்று ஊர்வலத்தை வழிமறித்து, சவப்பெட்டியை டைபர் ஆற்றில் எறிய முற்பட்டது. முப்பத்தோராண்டுகளுக்கு மேல் பதவியிலிருந்த திருத்தந்தைக்கு, அவர் ஆண்ட நகரம் தந்த இறுதி வழியனுப்பு அது. இந்த இரவை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன்; மற்றொரு திருத்தந்தையின் இறுதி நாட்களை நாம் பின்னர்க் காண்போம்.

மேலே கதவடைக்கப்பட்டிருந்த இக்காலத்தில் கீழே பங்குகளில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. பங்கு என்பது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள ஊர்ச்சபை. அங்கே குருமார் கணக்கேடு எழுதக் கற்றனர். 1890இல் வெனிசு அருகிலுள்ள கம்பராரே என்னும் சிற்றூரில் லூயிஜி செருத்தி என்னும் இளங்குரு, கந்துவட்டியிலிருந்து உழவரைக் காக்க ஊரகக் கடன் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். வட இத்தாலி எங்கும் அத்தகைய சங்கங்கள் பெருகின. மறு ஆண்டில் 13ஆம் லியோ தொழிலாளர் நிலை பற்றிய சுற்றுமடலை வெளியிட்டார். பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறிய இலட்சக்கணக்கான ஏழைகளுக்காகப் பியாசென்சா ஆயர் ஸ்கலபிரீனி 1887இல் ஒரு துறவு சபையையே நிறுவினார். தூரின் நகரில் தெருச் சிறுவர்களைத் திரட்டித் தொழில் கற்பித்த தொன் போஸ்கோவின் சலேசியர் 1906இல் நம் தஞ்சை வரை வந்து சேர்ந்தனர்.

இப்பங்குகளில் விளைந்த அரசியலே லூயிஜி ஸ்தூர்சோவை உருவாக்கியது. சிசிலியின் கல்தஜிரோனே நகரைச் சேர்ந்த இக்குரு 1919 ஜனவரியில் இத்தாலிய மக்கள் கட்சியை நிறுவினார். வாக்களிக்கும் தடையும் அவ்வாண்டிலேயே முற்றிலும் நீங்கியது. நவம்பர்த் தேர்தலில் அக்கட்சி நூறு இடங்களைப் பெற்றது. தம் கட்சி திருச்சபையின் கிளையன்று, தன் பொறுப்பில் நிற்கும் குடிமக்கள் கட்சியே என்பதில் ஸ்தூர்சோ உறுதியாக இருந்தார். அவ்வுறுதிக்கு அவர் கொடுத்த விலை பெரிது.

உடன்படிக்கையும் அதன் விலையும்

1929 பிப்ரவரி 11. இலாத்தரன் அரண்மனையில் கர்தினால் காஸ்பாரியும் முசோலினியும் கையொப்பமிட்டனர். திருத்தந்தைக்கு 44 எக்டேர் பரப்பில் வத்திக்கான் நகர நாடு கிடைத்தது. இழந்த நாட்டுக்கு ஈடாக 75 கோடி லிரா பணமும் 100 கோடி லிரா அரசுப் பத்திரங்களும் கிடைத்தன. கத்தோலிக்கம் அரசின் ஒரே சமயம் என உறுதிப்பட்டது. கோயில் திருமணம் சட்டத்தின் கண்ணிலும் திருமணமாயிற்று. பள்ளிகளில் மறைக்கல்வி நிலைபெற்றது. அறுபதாண்டுப் பூசல் தீர்ந்ததென்று ஆலய மணிகள் ஒலித்தன. மறு ஆண்டில் செப்டம்பர் 20 தேசிய விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தெருப் பெயர்கள் மட்டும் நின்றன.

கணக்கின் மறுபக்கத்தையும் எழுதியாக வேண்டும். உடன்படிக்கைக்கு முன்பே, 1924இல், ஸ்தூர்சோ நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அதற்கு வத்திக்கானின் அழுத்தமும் ஒரு காரணம். அவர் 1946இல்தான் திரும்பினார். அவருடைய கட்சி 1926இல் கலைக்கப்பட்டது. அதன் கடைசித் தலைவர் அல்சிதே தெ காஸ்பெரி சிறை மீண்டு, 1929 முதல் வத்திக்கான் நூலகத்தில் எளிய ஊழியராகப் பணியாற்றினார். 1938இல் யூதர்க்கெதிரான இனச் சட்டங்கள் வந்தபோது வத்திக்கானின் முறையான எதிர்ப்பு, கலப்புத் திருமணம் பற்றிய விதி உடன்படிக்கையை மீறுகிறது என்பதையே பெரிதும் சுற்றி நின்றது. ஒரு மக்கட்கூட்டத்தையே பள்ளியிலிருந்தும் பணியிலிருந்தும் துரத்திய சட்டத்தின் முன் அது மிகச் சிறிய குரல்.

1943 அக்டோபர் 16 அன்று செருமானியர் உரோமை யூதர்களை வளைத்துப் பிடித்தனர். அவர்களை அடைத்து வைத்த இராணுவக் கல்லூரி, திருத்தந்தையின் மாளிகையிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டனர். பதினாறு பேரே உயிரோடு மீண்டனர். 12ஆம் பயஸ் வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை. அவ்வமைதி அச்சமா, பொறுப்புணர்வா என்னும் வழக்கு, 2020 மார்ச்சில் அவர் கால ஆவணங்கள் ஆய்வாளர்க்குத் திறந்துவிடப்பட்ட பின்னும் முடியவில்லை. ஆனால் அதே மாதங்களில் உரோமையின் கன்னியர் மடங்களும் துறவு இல்லங்களும் பங்கு வீடுகளும் ஆயிரக்கணக்கான யூதர்களை ஒளித்துவைத்துக் காத்தன. பியேத்ரோ பப்பகால்லோ என்னும் குரு, பலர்க்குப் போலி அடையாளச் சீட்டுகளும் அடைக்கலமும் தேடித் தந்தமைக்காகப் பிடிபட்டு, 1944 மார்ச் 24 அன்று அர்தேயாத்தீனே குகைகளில் கொல்லப்பட்ட 335 பேருள் ஒருவரானார். பத்து நாட்களில் ஜுசெப்பே மொரோசீனி என்னும் மற்றொரு குருவும் சுடப்பட்டார். 1945இல் ரோசெல்லினி எடுத்த 'உரோமை திறந்த நகரம்' என்னும் திரைப்படத்தில் வரும் குரு, இவ்விருவரின் நினைவிலிருந்து பிறந்தவர்.

போருக்குப் பின் அரசவையும் பாசிசமும் ஒருசேர மதிப்பிழந்து கிடக்க, இத்தாலியர் திருச்சபையின் பக்கம் திரும்பினர் என்றால், அதற்குக் காரணம் 1929இன் கையொப்பமன்று. இக்குருமார் சிந்திய குருதியும் மடங்கள் திறந்த கதவுகளுமே என்பது என் கருத்து.

வெற்றியின் கனம்

1948 ஏப்ரல் 18 தேர்தலில் தெ காஸ்பெரியின் கிறித்தவ சனநாயகக் கட்சி 48.5 விழுக்காடு வாக்குப் பெற்றது. பங்குகள்தோறும் அமைந்த குடிமக்கள் குழுக்கள் வீடு வீடாக வாக்குச் சேகரித்தன. மறு ஆண்டு ஜூலையில், பொதுவுடைமைக் கோட்பாட்டை ஏற்றுப் பரப்புவோர்க்குத் திருச்சபை விலக்கம் என வத்திக்கான் அறிவித்தது. சட்டம் அப்படி; வாழ்க்கை வேறு. எமிலியாவின் ஊர்களில் கணவன் கட்சி அலுவலகத்துக்கும் மனைவி திருப்பலிக்கும் சென்றனர். குழந்தைக்குத் திருமுழுக்கு மட்டும் தவறவில்லை. பங்குக்குரு தொன் கமில்லோவும் பொதுவுடைமை மேயர் பெப்போனேயும் ஓயாது சண்டையிட்டு ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காத கதைகளை ஜொவான்னி குவாரெஸ்கி எழுத, அந்நூல் 1948இல் வெளியாகி உலகெங்கும் பரவியது. ஓர் ஊர் இரண்டாகப் பிளந்தும் ஓர் ஊராகவே இருக்கமுடியும் என்பதை வாசகர்கள் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டனர்.

ஆட்சியோடு ஒட்டிய தலைமை மீண்டும் கோலின் நிழலைத் தன்மேல் வரவழைத்துக்கொண்டது. 1959இல் பியேர் பாவ்லோ பசோலினி, முந்தைய ஆண்டு மறைந்த 12ஆம் பயசை விளித்து, வத்திக்கான் அருகிலேயே சேரிகளில் உழன்ற ஏழைகளை அவர் காணாது போனதைக் கடிந்து ஒரு கவிதை எழுதினார். அதை வெளியிட்ட சிற்றிதழ் அத்தோடு நின்றுபோயிற்று. ஒரு கவிதை ஓர் இதழையே சாய்த்தது என்பதை நம் கவிஞர் பெருமக்கள் கவனிக்க வேண்டும்.

குடியானவர் வீட்டுப் பிள்ளை

1958 அக்டோபர் 28 அன்று தேர்வான 23ஆம் யோவான், பெர்கமோ அருகே வாரத்துக்கு உழுத குடியானவக் குடும்பத்தில் 1881இல் பிறந்தவர். 9ஆம் பயசின் சவப்பெட்டியை ஆற்றில் எறிய முயன்ற அதே ஆண்டு. வயது எழுபத்தாறு, இடைக்காலத்துக்கு வந்த முதியவர் என்றே பலரும் எண்ணினர். அவரோ அவ்வாண்டு கிறிஸ்துமசுக்கு மறுநாள் உரோமையின் ரெஜினா செலி சிறைச்சாலைக்குச் சென்று கைதிகளைக் கண்டார். தம் உறவினர் ஒருவரும் சிறைப்பட்டதுண்டு என்று அவர்களிடம் இயல்பாகச் சொன்னார். திருத்தந்தை அரசர்கள் சிறைகளைக் கட்டியிருந்தனர். இவர் அதனுள் விருந்தினராகச் சென்றார்.

1962 அக்டோபர் 4 அன்று இரயிலேறி லொரேத்தோவுக்கும் அசிசிக்கும் சென்றார். 1870க்குப் பின் லாசியோ வட்டாரத்தைத் தாண்டிச் சென்ற முதல் திருத்தந்தை அவரே. அப்போது அசிசியில் தங்கியிருந்த பசோலினி, கூட்டத்தால் வெளியேற முடியாமல் அறையிலேயே இருந்து அங்கிருந்த நற்செய்தி நூலை எடுத்துப் படித்தார். 1964இல் அவர் இயக்கிய மத்தேயு நற்செய்தித் திரைப்படம் அவ்வாறு பிறந்தது. நம்பிக்கையற்றவரும் மார்க்சியருமான அக்கவிஞர் அதனை 23ஆம் யோவானின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். ஒரு திருத்தந்தையைக் கடிந்து ஐந்தாண்டுகளுக்குள் மற்றொரு திருத்தந்தையை வணங்கிய அந்தப் பேனாவில் முரண் இல்லை. மாறியது தலைமையின் முகம்.

1963 ஜூன் 3 அன்று அவர் மறைந்தார். அதற்கு முந்தைய நாட்களில் புனித பேதுரு சதுக்கத்தில் மக்கள் இரவும் பகலும் நின்று அவர் அறைச் சன்னலையே பார்த்திருந்தனர். அவர்களுள் கோயிலுக்குச் செல்லாதவரும் இருந்தனர். 1881 ஜூலை இரவையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒருவர் நாடாண்டவர், மற்றவர் ஆளாதவர். இதனை அடுத்த திருத்தந்தையே முன்கூட்டி உணர்ந்திருந்தார். 1962 அக்டோபரில், பொதுச்சங்கம் தொடங்கவிருந்த வேளையில், கர்தினால் மொந்தீனி உரோமை மாநகர மன்றத்தில் ஆற்றிய உரையில், நாடாளும் உரிமையை இழந்தது இறைத்திட்டமே என்றும், அதன் பின்னரே திருத்தந்தையரின் ஆன்மிகக் குரல் ஓங்கியது என்றும் பொருள்படப் பேசினார். மறு ஆண்டில் அவர் 6ஆம் பவுல் ஆனார்.

1965 மார்ச் 7 அன்று அவர் உரோமைப் பங்கு ஒன்றில் இத்தாலிய மொழியில் திருப்பலி நிறைவேற்றினார். பிரான்சிஸ் தம் புகழ்ப்பாவைப் பாடி ஏறத்தாழ 740 ஆண்டுகளுக்குப் பின் பலிபீடமும் மக்கள் மொழிக்கு வந்தது.

மொழியின் வலிமையை முற்றும் உணர்ந்த குரு ஒருவர் அப்போது தஸ்கனி மலைப்பகுதியில் இருந்தார். புளோரன்சின் செல்வக் குடும்பத்தில் 1923இல் பிறந்த லொரென்சோ மிலானி, 1954இல் பார்பியானா என்னும் மலைச் சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். சாலையில்லை, மின்சாரமில்லை. அனுப்பியவர்கள் தண்டனையாக எண்ணினர். அவர் அங்கே தம் கல்லறைக்கும் இடம் வாங்கிக்கொண்டார். அரசுப் பள்ளிகள் ஒதுக்கித் தள்ளிய உழவர் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் விடுமுறையின்றிப் பள்ளி நடத்தினார். ஏழையைப் பணக்காரனிடமிருந்து பிரிப்பது பணத்தைவிடச் சொல்லே; சொல்லைக் கைவரப் பெற்றவனே சமமானவன் என்பது அவர் கொள்கை. அவருடைய மாணவர் எண்மர் கூடி எழுதிய 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' 1967 மே மாதம் வெளிவந்தது. ஏழை மாணவரைத் தோல்வியுறச் செய்யும் பள்ளி முறையை எண்ணிக்கைகளோடு குற்றஞ்சாட்டிய நூல் அது. அடுத்த மாதமே, நாற்பத்து நான்கு வயதில், மிலானி புற்றுநோயால் மறைந்தார். 1958இல் அவருடைய நூலொன்றை விற்பனையிலிருந்து நீக்க ஆணையிட்டிருந்தது வத்திக்கான். 2017 ஜூன் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானாவுக்கே வந்து அவர் கல்லறையில் மன்றாடினார்.

கேட்பதும் கீழ்ப்படிவதும்

குரலுக்கு மதிப்புண்டு; ஆணைக்கு எல்லையுண்டு என்பதை இத்தாலியர் வாக்குச்சீட்டாலும் சொன்னார்கள். 1970இன் மணமுறிவுச் சட்டத்தை நீக்கக் கோரி 1974 மே மாதம் நடந்த பொதுவாக்கெடுப்பில், ஆயர்கள் வேண்டியும் 59.3 விழுக்காட்டினர் சட்டம் நிலைக்கவே வாக்களித்தனர். 1981 மே 13 அன்று புனித பேதுரு சதுக்கத்தில் 2ஆம் யோவான் பவுல் சுடப்பட்டார். நாடே அழுது மன்றாடியது. நான்கே நாட்களில், மே 17 அன்று, கருக்கலைப்புச் சட்டத்தைக் குறுக்கக் கோரிய வாக்கெடுப்பில் 68 விழுக்காட்டினர் திருத்தந்தையின் விருப்பத்துக்கு மாறாக வாக்களித்தனர். அழுத கண்களும் வாக்களித்த கைகளும் பெரும்பாலும் அதே மக்களுடையவையே. இதனை இரட்டை வேடம் என்பார் உளர். தந்தையிடம் அன்பு வேறு, தந்தை சொன்ன இடத்தில் கைநாட்டு வைப்பது வேறு என்று வளர்ந்த பிள்ளைகள் கண்டுகொண்ட நிலை என்றே நான் கருதுகிறேன்.

குரலும் தோற்கும் என்பதற்கு 1978 சான்று. செம்படைக் குழுவினர் கடத்திய முன்னாள் தலைமை அமைச்சர் ஆல்தோ மோரோவை நிபந்தனையின்றி விடுவிக்கும்படி, அவருடைய பழைய நண்பரான 6ஆம் பவுல் ஏப்ரலில் தம் கைப்பட மடல் எழுதினார். கடத்தியவர்களிடம் மண்டியிட்டு வேண்டுவதாக எழுதினார். மே 9 அன்று மோரோவின் உடல் கிடைத்தது. மே 13 அன்று இலாத்தரன் பேராலயத்தில், குடும்பத்தார் உடலைத் தராமலே நடந்த நினைவுத் திருப்பலியில், முதிய திருத்தந்தை இறைவனிடமே முறையிட்டார்: எங்கள் வேண்டுதலுக்கு நீர் செவிசாய்க்கவில்லையே என்று. ஆகஸ்டு 6 அன்று அவரும் மறைந்தார். அக்குரல் ஓர் உயிரையும் காக்கவில்லை. ஆயினும் அரசு பேச மறுத்து, கட்சிகள் கணக்குப் பார்த்த அந்நாட்களில், ஒரு மனிதனுக்காக மன்றாடிய குரல் அது என்பதை இத்தாலி மறக்கவில்லை.

சிசிலியின் சான்று

தலைமை வாய்மூடியிருந்ததற்கும் வாய்திறந்ததற்கும் உள்ள வேறுபாட்டைச் சிசிலியில் தெளிவாகக் காணலாம். 1964இல் பலேர்மோ கர்தினால் ருபீனி, தம் மேய்ப்புப்பணி மடலில், மாபியா பற்றிய பேச்சைச் சிசிலியின்மேல் சுமத்தப்படும் அவதூறாகவே பெரிதும் நோக்கினார். 1982 செப்டம்பரில் தளபதி தல்லா கியேசா மாபியாவால் கொல்லப்பட்டபோது, அவர் இறுதிச் சடங்கில் கர்தினால் பப்பலார்தோ, உரோமை ஆலோசித்துக்கொண்டிருக்கையில் வீழ்ந்த பண்டைய சகுந்தம் நகரை நினைவூட்டி, அமைச்சர்களின் முன்னிலையிலேயே அரசின் செயலின்மையை இடித்துரைத்தார். 1993 மே 9 அன்று அக்ரிஜெந்தோவின் கோயிற் பள்ளத்தாக்கில் 2ஆம் யோவான் பவுல், எழுதிவைத்த உரையை விடுத்து, கொலைகாரர்களை நோக்கி மனந்திரும்புமாறும் கடவுளின் தீர்ப்பு ஒருநாள் வருமென்றும் உரத்து முழங்கினார். ஜூலையில் இலாத்தரன் பேராலயத்தின் அருகே குண்டு வெடித்தது. செப்டம்பர் 15 அன்று, பலேர்மோவின் பிரன்காச்சோ பகுதியில் சிறுவர்களை மாபியாவின் பிடியிலிருந்து மீட்டுவந்த பங்குக்குரு பீனோ புலீசி, தம் ஐம்பத்தாறாம் பிறந்தநாளிலேயே வீட்டு வாயிலில் சுடப்பட்டார். சுடுமுன் அவர் புன்னகைத்தார் என்று கொன்றவர்களுள் ஒருவரே பின்னர்ச் சாட்சி கூறினார். கோல் எதுவுமில்லாத ஒரு பங்குக்குருவைக் கண்டு மாபியா அஞ்சியது. அவர் 2013இல் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

நிறைவாக

1984இல் உடன்படிக்கை திருத்தப்பட்டு, கத்தோலிக்கம் அரசின் ஒரே சமயம் என்னும் நிலை முடிந்தது. கிறித்தவ சனநாயகக் கட்சி ஊழல் வழக்குகளுக்கிடையே 1994இல் மறைந்தது. 1978க்குப் பின் இத்தாலியர் எவரும் திருத்தந்தையாகவில்லை. போலந்து, செருமனி, அர்ஜென்டினா எனச் சென்ற பொறுப்பு 2025 மே 8 அன்று அமெரிக்காவில் பிறந்த 14ஆம் லியோவிடம் வந்தது. வாரந்தோறும் கோயிலுக்குச் செல்வோர் 2001இல் மூவரில் ஒருவருக்குச் சற்று மேலிருந்தனர். 2022இல் ஐவரில் ஒருவருக்கும் குறைந்துவிட்டனர். கோல் போயிற்று, கட்சி போயிற்று, கூட்டமும் குறைந்தது. ஆயினும் 2020 மார்ச் 27 மாலை, கொள்ளைநோயில் பெர்கமோவின் பிணங்களை இராணுவ வண்டிகள் ஏற்றிச் சென்ற அந்நாட்களில், மழையில் நனைந்த வெறுஞ்சதுக்கத்தில் பிரான்சிஸ் தனியே நின்று மன்றாடியபோது, நம்பினோரும் நம்பாதோருமாக இத்தாலியர் கோடிக்கணக்கில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தனர்.

இவ்வரலாற்றிலிருந்து நான் பெறும் பாடம், அதிகாரமிழந்த சமயம் தானாகவே தூய்மையாகிவிடும் என்பதன்று. 1938இலும் 1943இலும் திருத்தந்தையின் கையில் படையில்லை; ஆயினும் குரல் தயங்கிற்று. கோலில்லாமை மட்டும் போதாது. சொல்லுக்கு விலைகொடுக்கும் துணிவும் வேண்டும். பப்பகால்லோவும் மிலானியும் புலீசியும் அவ்விலையைக் கொடுத்தனர். இத்தாலியர் தம் தெருக்களுக்கு இரு வகைப் பெயர்களையும் ஏன் இட்டனர் என்பது இப்போது விளங்கும். கோல் வீழ்ந்த நாளுக்கு ஒரு தெரு. குரல் கேட்ட மனிதருக்கு ஒரு தெரு. அவ்விரண்டும் ஒரே ஊரில் இருப்பதில் வியப்பில்லை.

பத்தாண்டுகளாகச் சொல்லை மட்டுமே மூலதனமாக வைத்து இயங்கிவரும் நம் வட்டத்துக்கும் அரசு மேடைகளும் விருதுகளும் பொன்னாடைகளும் வந்து அழைக்கும் காலம் உண்டு. அவற்றை ஏற்பதா என்பது அவரவர் விருப்பம். ஏற்றபின் நம் குரல் எவருக்காக ஒலிக்கிறது, எப்போது தயங்குகிறது என்பதை மட்டும் நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே இருப்போமாக.